டயகமவில் அருந்திய பழரசம்

மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்பவர்களிற் பெரும்பாலோர் நுவரெலியாவோடு நின்றுவிடுகிறார்கள். விக்டோரியாப் பூங்காவைச் சுற்றி, கிரகரி வாவியில் ஒரு நாழிகை படகேறி, கையில் ஒரு பொட்டலம் தேயிலையும் ஒரு கட்டு லீக்ஸும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டால் மலைநாடு பார்த்தாயிற்று என்பது அவர்கள் எண்ணம். தலவாக்கலையிற் புகையிரதத்தை விட்டிறங்கி, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகம செல்லும் பஸ்ஸில் ஏறி உட்காரப் பொறுமை உள்ளவர்க்கே மலைநாடு தன் மற்றொரு முகத்தைக் காட்டும்.

அந்தப் பாதையை வருணிப்பது எளிதன்று. ஏனெனில் வருணிப்பதற்கு அங்கே தேயிலையைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேயிலைதான் எத்தனை பச்சை! காலையில் மஞ்சள் கலந்த பச்சை. மூடுபனி இறங்கியதும் கரும்பச்சை. மழை ஓய்ந்து வெயில் விழும் அந்த ஐந்து நிமிஷத்தில், பச்சை என்ற சொல்லே போதாத ஒரு பச்சை. பஸ் வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு ஏறுகிறது. கொழுந்து மூட்டையோடு ஒருவர் ஏறுகிறார். பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் இறங்குகிறார்கள். வெற்றிலைப் பையோடு ஒரு பாட்டி நடத்துநரிடம் மிச்சக் காசுக்கு வழக்காடுகிறார். கோயில், லயம், பள்ளிக்கூடம், மறுபடியும் கோயில். கடைசியில் பாதை இனி ஏற இடமின்றி நிற்கும் இடந்தான் டயகம.

கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடியளவு உயரத்தில், டயகம கிழக்கு, டயகம மேற்கு என்று பிரிந்து கிடக்கும் தோட்டங்கள் இவை. தலைக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பு மதிற்சுவர் போல நிற்கிறது. அங்கே பிறக்கும் நீர்தான் இவ்வழியே இறங்கிக் கொத்மலை ஓயாவாகி, முடிவில் மகாவலியோடு கலக்கிறது. முதுகுப் பையும் தடியுமாக அந்தச் சமவெளிக்கு ஏறிச்செல்லும் வெளிநாட்டு நடைப்பயணிகளை இப்போது டயகமக் கடைத்தெருவிற் காணலாம். அவர்கள் தேநீர் குடித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். நான் கீழேயே தங்கினேன். என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் பாட்டனார் அழைத்திருந்தார். தோட்டக் காரியாலயத்திற் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உபசாரமே இக்கட்டுரையின் பொருள். மதிய உணவுக்கு முன் உயரமான கண்ணாடிக் குவளையொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். செம்மஞ்சள் நிறம், மேலே விரற்கடை அளவுக்கு வெண்ணுரை, விளிம்பிற் செருகிய அன்னாசித் துண்டு ஒன்று. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, விழுங்கிய பிறகு நாவின் பின்புறத்தில் ஒரு மெல்லிய துவர்ப்பும் கைப்பும். கடையில் விற்கும் சர்பத்து இத்தனை படிகளாக ருசி காட்டாது.

"இதற்கு என்ன பெயர் ஐயா?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூர் ஸ்லிங்குங்க சேர்," என்றார் பெரியவர்.

நான் குவளையைச் சற்று அவசரமாகவே கீழே வைத்திருக்க வேண்டும். பேத்தி சிரித்துவிட்டாள். "பயப்படாதீங்க சேர், இதுல ஜின் இல்ல. ஜின் இருக்கவேண்டிய எடத்துல நம்ம தேத்தண்ணிதான் இருக்கு."

சிங்கப்பூர் ஸ்லிங் என்பது உலகப் பிரசித்தி பெற்ற ஒரு மதுக்கலவை. 1887இல் சார்க்கீஸ் என்ற ஆர்மீனியச் சகோதரர்கள் சிங்கப்பூரில் நிறுவிய ராபிள்ஸ் ஹோட்டலில், 1915ஆம் ஆண்டளவில், ஙியாம் டொங் பூன் என்ற சீனப் பரிசாரகர் இதனை உருவாக்கினார் என்பது அந்த ஹோட்டலார் கூறும் வரலாறு. ஹைனான் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர் அவர். அக்காலத்தில் மேனாட்டுப் பெண்மணிகள் பலர் பார்க்க மது அருந்துவது மரியாதைக் குறைவு. ஆகவே பழரசம் போலத் தோன்றும் ஒரு மதுவை அவர்களுக்காக அவர் கலந்து கொடுத்தாராம். ஸ்லிங் என்ற பெயர் அதனினும் பழையது. மதுவும் சீனியும் நீரும் சேர்ந்த எளிய பானத்துக்கு மேனாட்டார் இட்ட பெயர் அது.

ஹோட்டலார் பெயரால் நெடுங்காலம் வழங்கிவந்த அளவு இது: ஜின் 30 மில்லிலீற்றர், செரி பிராந்தி 15, குவான்ட்ரோ என்ற தோடம்பழ மது ஏழரை, பெனடிக்டின் என்ற மூலிகை மது ஏழரை, மாதுளம் பாகு 10, தேசிச்சாறு 15, அன்னாசிச்சாறு 120, இவற்றோடு அங்கொஸ்துரா என்ற கைப்புச்சாறு ஓரிரு துளி. எல்லாவற்றையும் பனிக்கட்டியோடு மூடிய பாத்திரத்திற் குலுக்க வேண்டும். அந்த நுரை குலுக்கலின் வேகத்தில் அன்னாசிச்சாறு எழுப்புவது.

வேதவாக்குப் போலத் தோன்றும் இந்த அளவும் ஆதியிலிருந்து மாறாமல் வந்ததன்று. பழைய பானநூல்கள் சிலவற்றில் அன்னாசியே கிடையாது. ஜின், செரி பிராந்தி, பெனடிக்டின், தேசிக்காய், சோடா அவ்வளவுதான். ஒன்றுபோல் ஒன்று இருக்கும் இரண்டு செய்முறைகளைத் தாம் கண்டதே இல்லை என்று 1948இல் வெளிவந்த தம் நூலில் டேவிட் எம்பரி என்ற அமெரிக்கர் குறைப்பட்டுக்கொண்டார். நம் ரசத்துக்கும் சாம்பாருக்கும் உள்ள கதைதான். ஊருக்கு ஊர், கைக்குக் கை.

இந்தப் பானம் டயகமவுக்கு வந்த வழி யாது? பெரியவரின் தகப்பனார் தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக இருந்தவர். அப்பு என்றால் குசினிக்கும் மேசைக்கும் பொறுப்பான தலைமைப் பணியாள். முந்நூறு ஏக்கர் மலைக்குத் துரை அதிகாரி. துரையின் வயிற்றுக்கு அப்பு அதிகாரி. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சிங்கப்பூர் சென்று திரும்பியபோது இந்த ருசியை நாவிலும், செய்முறையை ஒரு காகிதத்திலும் கொண்டுவந்தார். அறுபதுகளின் நடுப்பகுதி என்று பெரியவருக்கு நினைவு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய காலம் அது. ஜின் எப்படியோ கிடைத்தது. செரி பிராந்தியும் பெனடிக்டினும் கொழும்பிலேயே அருமை. துரைக்கோ ஆசை விடவில்லை.

"அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுங்க சேர். ஆனா நாக்கு நல்லாப் படிச்சிருந்திச்சு. துரை ஒவ்வொரு சாமானையும் எப்பிடி ருசிக்கும்னு வாயால சொல்லுவாராம். அப்பா தோட்டத்தைச் சுத்திப் பார்த்து அதுக்கு ஈடு தேடுவாரு."

செரிப் பழத்தின் சிவப்புக்கும் காரமான இனிப்புக்கும் மரத்தக்காளி ஈடாயிற்று. மலைநாட்டு வீட்டுக் கொல்லைகளில் முட்டை வடிவிற் சிவந்து தொங்கும் அந்தப் பழத்தைச் சமவெளி வாசகர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். மூலிகை மதுவின் மணத்துக்குக் கறுவாப்பட்டையும் இரண்டு கராம்பும். தோடம்பழ மதுவுக்குத் தோடம்பழத் தோலே போதுமானது. கைப்புச்சாற்றுக்கு நாரத்தைத் தோலில் நகக்கண் அளவு. அன்னாசி மட்டும் கீழ்நாட்டிலிருந்து ஹட்டன் சந்தைக்கு வரவேண்டியிருந்தது.

சரக்குக் கிடைக்காத காலத்தில் உள்ளூர்ப் பொருளை நாடியது டயகம அப்பு மாத்திரமல்லர். இரண்டாம் உலகப் போரின்போது ஜின்னுக்குரிய மேனாட்டுச் சரக்குகள் வருவது தடைப்பட்டதால், இலங்கையின் மதுவடிசாலையொன்று உள்நாட்டு வாசனைத் திரவியங்களைச் சேர்த்து ஜின் வடித்தது. அந்த மரபிற் பிறந்த இலங்கை ஜின் ஒன்றில் இன்றும் கறுவாவும் இஞ்சியும் மல்லியும், வாசகர்கள் வியக்கவேண்டாம், கறிவேப்பிலையும் சேர்கின்றன.

ஜின்னுக்கும் மலைநாட்டுக்கும் இதற்கு முன்பே ஓர் உறவு உண்டு. சுரத்துக்கு மருந்தாகிய கொயினாவை வெள்ளையர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உட்கொண்டார்கள். அதன் கைப்புப் பொறுக்காமல் சீனியும் சோடாவும் சேர்த்தார்கள். பிறகு ஜின்னும் சேர்ந்தது. கொயினா எடுக்கப்படும் சிங்கோனா மரம் 1861இல் ஹக்கலைத் தோட்டத்தில் நடப்பட்டது. 1869இல் கோப்பி இலையிற் கண்ட நோய் அந்தப் பயிரைச் சிறிது சிறிதாக அழித்தபோது, துரைமார் மலைமலையாகச் சிங்கோனா பயிரிட்டார்கள். பட்டை குவிந்தது, ஜாவாத் தீவின் பட்டை இதனினும் வீரியமுள்ளதாக இருந்தது, விலை விழுந்தது. அதன் பிறகே மலை முழுவதும் தேயிலையாயிற்று. ஆகையால், ஜின்னோடு கலந்த கைப்புக்குக் காரணமான மரம் நின்ற மலைகளில் நிற்பதுதான் இன்றைய தேயிலை. ஜின்னின் இடத்தில் தேநீரை ஊற்றிய அந்தக் கைக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திராது. அதனால் என்ன?

தேநீரை ஏன் ஊற்றினார் என்பதைப் பெரியவர் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். அவருடைய சிற்றப்பா ஒருவர் கசிப்புக் குடித்தே மாண்டவர். சம்பள நாளன்று தவறணைக்குப் போன கால்கள் வீட்டுக்கு வரும்போது மடியில் ஒன்றுமிராது. இது ஒரு குடும்பத்தின் கதையன்று என்பதை மலைநாட்டு வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. அப்புவோ பங்களாவில் நாள்தோறும் குப்பிகளுக்கு நடுவில் நிற்பவர். முப்பது வருஷம் மது கலந்தவர் ஒரு மிடறும் அருந்தியதில்லையாம். கலவையின் பழப்பகுதியை மட்டும் முதலிற் சேர்த்து, கரண்டியில் எடுத்து நாவில் வைத்துப் பார்த்து, சரி என்று கண்ட பிறகே ஜின் குப்பியைத் திறப்பார். பெருநாட்களில் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழப்பகுதி மட்டும் வந்தது. அதற்கு ஓர் உறைப்பும் துவர்ப்பும் வேண்டுமென்று மனைவியார் தேயிலைச் சாயம் சேர்த்தார். சிங்கப்பூரில் மது பழரசமாக வேஷம் போட்டது. டயகமவிலோ பழரசம் மதுவின் பெயரைச் சூடிக்கொண்டது.

எழுபதுகளிற் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினார்கள். சிங்கப்பூர்ப் பரிசாரகரின் பெயர் ஒரு நூற்றாண்டு கடந்தும் அச்சிலே வாழ்கிறது. மலைநாட்டுப் பங்களாக்களில் நூறு வருஷம் சமைத்தும் கலந்தும் பரிமாறியும் நின்ற கைகளின் பெயர்கள் எந்தப் புத்தகத்தில் உள்ளன? துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவர்கள் எல்லோருக்கும் அப்பு என்றே பெயர்.

இன்னொன்றையும் சொல்லாமற் செல்வது நியாயமன்று. மற்றவர் வீட்டுக் குசினிக்கு மலைநாட்டிலிருந்து ஆளெடுக்கும் வழக்கம் துரைமாரோடு ஒழிந்துவிடவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த டயகமச் சிறுமி ஒருத்தி, 2021 ஜூலையில், தீக்காயங்களோடு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு இறந்தாள். வயது பதினாறு. நாடெங்கும் ஊர்வலங்கள் நடந்தன. அந்தச் செய்தியாற்றான் டயகம என்ற பெயரையே பலர் முதன்முதலிற் கேள்விப்பட்டார்கள். பெரியவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அவ வயசுதாங்க இவளுக்கும் இப்போ," என்று பேத்தியைக் காட்டினார். அவள் உள்ளே உயர்தர வகுப்பு இரசாயனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன்.

முதலிற் பாகு. நன்கு சிவந்த மரத்தக்காளி ஆறு. கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டெடுத்துத் தோலை உரிக்க வேண்டும், தோல் கைக்கும். பிசைந்து, விதை நீக்கி வடித்த சாற்றுக்கு அதன் எடையிற் பாதி சீனி. விரலளவு கறுவா, கராம்பு இரண்டு, வெள்ளை சேராமற் சீவிய தோடம்பழத் தோல் ஒரு துண்டு, நாரத்தைத் தோல் மிகச் சிறிது. மெல்லிய தீயில், கரண்டியின் முதுகிற் படியும் வரை காய்ச்சி வடிக்கவும். மரத்தக்காளி அகப்படாதவர்கள் மாதுளஞ் சாற்றைக் கொண்டு இதே பாகைச் செய்யலாம்.

அடுத்தது சாயம். நல்ல பி.ஓ.பி. இலை இரண்டு தேக்கரண்டி, கொதிக்கும் நீர் 250 மில்லிலீற்றர், நான்கு நிமிஷம். டயகம உயரத்தில் நீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே அங்கே இன்னும் ஒரு நிமிஷம் விடுகிறார்கள். சிறு துண்டு இஞ்சியை நசுக்கி இதிற் போடுவது மதுவின் உறைப்புக்கு ஈடு. சாயத்தைத் தானாக ஆறவிட வேண்டும். சூட்டோடு பனிக்கட்டியிற் கொட்டினால் கலங்கிவிடும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் கபீனும் குளிரில் ஒன்று சேர்ந்து திரள்வதால் வருவது அது. கெட்டுப்போனதன்று, ஆனாலும் கண்ணுக்கு அழகில்லை. இலையைக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. துவர்ப்பு மட்டும் குறையும்.

ஒரு குவளைக்குச் சாயம் 60 மில்லிலீற்றர். ஹோட்டல் அளவில் நான்கு மதுவகைகளையும் கூட்டினால் வரும் தொகையும் சரியாக 60 தான். அப்புவின் மனைவியார் கணக்குப் பார்த்தா ஊற்றினார்? கண்ணளவு! அன்னாசிச்சாறு 120, தேசிச்சாறு ஒரு மேசைக்கரண்டி, பாகு ஒன்றரை மேசைக்கரண்டி. மூடியுள்ள போத்தலில் பனிக்கட்டியோடு போட்டு, கை குளிர்ந்து மரக்கும் வரை குலுக்க வேண்டும். அன்னாசி புதிதாகப் பிழிந்ததானால் நுரை நிற்கும்.

இவ்வளவும் எழுதியாயிற்று; எனினும் இந்த அளவை நம்பி நாவை மறந்துவிடக் கூடாது. ஒரே கூடையில் வாங்கிய இரண்டு அன்னாசிகள் ஒரே இனிப்பாக இருப்பதில்லை. பெரியவர் வீட்டில் நான் கண்ட வரிசை இது: முதலில் அன்னாசியைத் தனியே ருசி பார்க்கிறார்கள். பழுத்து ஒழுகும் பழமானால் தேசிச்சாற்றைக் கூட்டிப் பாகை ஒரு கரண்டியாகக் குறைக்கிறார்கள். காயாகப் புளிப்பதானால் தேசிச்சாறு இரண்டு தேக்கரண்டியோடு நிற்கிறது. கலந்த பிறகு திகட்டினால் நீர் ஊற்றுவதில்லை. நீர் எல்லா ருசியையும் ஒருங்கே மெலியச் செய்யும். தேசித்துளியே விடுகிறார்கள். பல் கூசினால் சாயம் கூடுகிறது. கைப்பு மிஞ்சினால், விரல் நுனியால் எடுத்த உப்பு. கடைசி ருசி பார்ப்பது குளிர்ந்த பிறகே. குளிரில் இனிப்பு மங்கும் என்பதால், சாதாரண சூட்டிற் சரியாக இருந்தது குளிர்ந்ததும் புளிப்பாகத் தோன்றும். பனிக்கட்டி உருகி அளவிற் கால்பங்கு நீர் சேரும் என்பதையும் கணக்கில் வைத்தே பாகைச் சற்றுத் தாராளமாக விட்டிருக்கிறார்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் ஜின் சேர்க்க விரும்பினால் அப்புவின் முறையே முறை: பழப்பகுதியைச் சரிசெய்த பிறகு, சாயத்தைப் பாதியாக்கி, 30 மில்லிலீற்றர், அதற்குமேல் வேண்டாம். என் வீட்டில் அந்தக் குப்பிக்கு இடமில்லை, அதன் குறையும் தெரியவில்லை. மதுவை நீக்கிய பானங்கள் பெரும்பாலும் குழந்தை மருந்து போல இனிப்பதற்குக் காரணம், மது சென்ற இடத்தை வெறும் சீனியால் நிரப்புவதுதான். இங்கே அந்த இடத்தைத் துவர்ப்பும் இஞ்சியும் காக்கின்றன.

பேத்தி இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறாள். தாத்தாவுக்குச் சீனி வருத்தம். ஆகவே அவருடைய குவளையிற் பாகு ஒரு தேக்கரண்டிதான். அன்னாசியிலும் பாதியைக் குறைத்து, அந்த இடத்தை அதிகச் சாயத்தாலும் வேலியிற் படர்ந்திருக்கும் கொடித்தோடையின் சாற்றாலும் நிரப்புகிறாள். கொடித்தோடை தானே புளிப்பதால் தேசிக்காயை அடியோடு விட்டுவிட்டாள். நான் இரண்டையும் குடித்துப் பார்த்தேன். மணத்தில் அவளுடையதே உயர்வு; நிறத்தில் முதியவருடையது. பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இது ஸ்லிங்கு இல்ல சேர், வேற என்னமோ," என்றார். குவளையை மட்டும் காலி செய்துவிட்டார்.

இரண்டு முறைகளையும் அவள் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். அதிலிருந்துதான் மேற்கண்ட அளவுகளைப் படியெடுத்தேன். பக்கத்தின் தலைப்பில் சிங்கப்பூர் என்ற சொல் இல்லை. தன் கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடும் தோட்டத்துப் பிரிவின் பெயரோடும் சேர்த்து, சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள்.